விருந்தாளியாக வரும் கேமரா

சமையல் நிகழ்ச்சி பார்த்தால் செய்முறையாவது மிஞ்சும். ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடும் நிகழ்ச்சியில் அதுவும் கிடையாது. நாம் போகப்போகாத ஊரில், முன்பின் தெரியாத ஒருவர், பெயர் வாயில் நுழையாத ஏதோ ஒன்றைச் சாப்பிடுகிறார். தண்டையார்பேட்டையில் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஆறிப்போன தோசையைப் பிய்த்துக்கொண்டே அதை நாம் பார்க்கிறோம். வாசனை வராது, காரம் வராது, சூடு வராது. ஆனாலும் ஒரு மணி நேரம் போனதே தெரிவதில்லை. அப்படி எதைத்தான் பார்க்கிறோம்?

2018 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய ‘சம்படி ஃபீட் ஃபில்’ தொடரை வைத்து இதற்குப் பதில் தேடலாம். ஃபில் ரோசந்தால் என்ற, அறுபதைத் தாண்டிய அமெரிக்கர் அத்தியாயத்துக்கு ஓர் ஊராகப் போய்ச் சாப்பிடுகிறார். பாங்காக், சைகோன், லிஸ்பன், மெக்சிகோ சிட்டி என்று முதல் சீசனில் கிளம்பியவர் 2025இல் எட்டாவது சீசனை முடித்தார். சிங்கப்பூருக்குப் போயிருக்கிறார். 2024இல் வந்த ஏழாவது சீசனில் மும்பைக்கும் போனார். சென்னைப் பக்கம் தலைகாட்டவில்லை. எந்த ஊராக இருந்தாலும் நடப்பது ஒன்றுதான். வாயில் போடுகிறார், இரண்டு தடவை மெல்லுகிறார், கண் விரிகிறது, சமைத்தவரைக் கட்டிப்பிடிக்கிறார், தயாரிப்பாளர்களில் ஒருவரான தம்பி ரிச்சர்டைக் கூப்பிட்டு அவருக்கும் கொடுக்கிறார்.

எங்கள் வீட்டில் இது ஓடிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இந்தாளுக்கு வூட்ல சோறே போட மாட்டாங்களா? இந்தப் பார்வ பாக்குறாரு” என்றார். கிண்டலாகக் கேட்டதுதான். ஆனால் தொடரின் மொத்த ரகசியமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஃபில் வளர்ந்த வீட்டில் சாப்பாட்டுக்கு ருசி கிடையாது. அம்மாவின் சமையலைப் பற்றி அவர் அடிக்காத ஜோக் இல்லை. ருசி என்று ஒன்று இருப்பதை வளர்ந்து வெளியே போன பிறகுதான் தெரிந்துகொண்டாராம். அந்த ஆச்சரியம் இத்தனை வருடமாகியும் முகத்தை விட்டுப் போகவில்லை. நாம் பார்ப்பது தட்டை இல்லை, அந்த முகத்தைத்தான்.

அவர் சமையல்காரர் இல்லை. சாப்பாட்டு விமர்சகரும் இல்லை. 1996 முதல் 2005 வரை அமெரிக்காவில் ஓடிய ‘எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்’ என்ற குடும்ப நகைச்சுவைத் தொடரை உருவாக்கியவர். அந்தத் தொடரின் நாயகன் ரே ரொமானோ ஐரோப்பா போனதே இல்லை, போகவும் ஆசையில்லை என்றாராம். சரி, இதையே கதையாக்கிவிடுவோம் என்று ரேமண்டின் குடும்பம் இத்தாலிக்குப் போவதாக எழுதி, மொத்தக் குழுவையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போய்ப் படம்பிடித்தார்கள். 2000இல் அது ஒளிபரப்பானது. வேண்டாவெறுப்பாக வந்து இறங்கி, இரண்டு நாளில் ஊருக்கு மயங்கிப்போவது கதையில் ரேமண்டுக்கு எழுதிவைத்திருந்தது. கேமராவை அணைத்த பிறகு நிஜமான ரேவுக்கும் அதேதான் நடந்தது. இதை இன்னும் நிறைய பேருக்குச் செய்ய வேண்டும் என்று ஃபில்லுக்குத் தோன்றியது அங்கேதான். 2015இல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்ஸில் ஆறு அத்தியாயம் செய்து பார்த்தார். பிறகு நெட்ஃபிளிக்ஸ் எடுத்துக்கொண்டது.

இந்த வகைக்கு அப்போது உலகம் முழுக்க ஒரே முகம்தான் இருந்தது. அந்தோணி போர்டெயின். 2002இலிருந்து 2018இல் இறக்கும்வரை வெவ்வேறு சேனல்களில் ஊர் சுற்றினார். நியூயார்க் சமையலறையில் வேலை பார்த்தவர், தோல் ஜாக்கெட், கையெல்லாம் பச்சை, போர் நடந்த ஊர்களுக்கும் போகிறவர். 2016இல் ஹனோயில் ஒரு சாதாரணக் கடையில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஒபாமாவோடு பன்றி இறைச்சியும் நூடுல்ஸும் சாப்பிட்டாரே, அவர்தான். ஃபில் தன் நிகழ்ச்சியை விற்கப் போனபோது, “நான் போர்டெயின் மாதிரிதான், ஆனால் எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்” என்கிற தொனியில் சொல்லி விற்றதைப் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒரு வரிதான். ஆனால் வியாபாரமும் அதில் இருக்கிறது, கலையும் அதில் இருக்கிறது. போர்டெயின் போகிற இடத்துக்கு நம்மால் போக முடியாது, போகவும் துணிச்சல் வராது. ஃபில் போகிற இடத்துக்கு நம் மாமனாரே போய்விட்டு வரலாம்.

இந்தப் பரம்பரையை இன்னும் பின்னால் தேடிப் போனால் நம் ஊர்த் துறைமுகத்தில் வந்து முட்டுகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1989இல் பிபிசியில் வந்த ‘அரவுண்ட் த வேர்ல்ட் இன் 80 டேஸ்’ தொடரில் மைக்கேல் பேலின் விமானமே ஏறாமல் உலகைச் சுற்றினார். துபாயிலிருந்து பம்பாய்க்குப் மரத் தோணியில் வந்து, அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ் வந்து, மெட்ராஸ் துறைமுகத்தில் ‘சுசாக்’ என்ற யூகோஸ்லாவியச் சரக்குக் கப்பலில் ஏறி சிங்கப்பூர் போனார். பேலினும் பயணி இல்லை, மான்ட்டி பைத்தான் குழுவின் நகைச்சுவை நடிகர். அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பாருங்கள். 2010இல் கார்ல் பில்கிங்டன், 2023இல் யூஜின் லெவி, 2024இல் கோனன் ஓபிரையன். எல்லோரும் சிரிக்க வைத்துப் பிழைத்தவர்கள். ஊர் சுற்றும் நிகழ்ச்சிக்குச் சமையல்காரரைவிடக் காமெடியன் ஏன் பொருத்தம்?

வடிவேலுவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. அடி வாங்குகிறவர் அவர், சிரிப்பும் அவருக்கே. வேற்றூருக்குப் போகும்போது யாராவது ஒருவர் அசடாக வேண்டியிருக்கிறது. பாஷை தெரியாது, சாப்பிடும் முறை தெரியாது, பில் எவ்வளவு என்று தெரியாது. அந்த அசடு ஊர்க்காரராகிவிட்டால் நிகழ்ச்சி கெட்டுவிடும். வந்தவரே அசடாக இருந்தால் ஊர்க்காரருக்கு மரியாதை மிஞ்சும், பார்க்கிறவருக்குச் சிரிப்பு மிஞ்சும். ஃபில் மிளகாயைக் கடித்துவிட்டுத் துடிப்பார், நடனம் ஆடச் சொன்னால் கன்னாபின்னாவென்று ஆடுவார். பில்கிங்டனின் ‘அன் இடியட் அப்ராட்’ இங்கேதான் எனக்குச் சில இடங்களில் உறுத்தியது. அவரும் அசடுதான், ஆனால் முகம் சுளிக்கிற அசடு. சிரிப்பு அவ்வப்போது ஊரின் மேல் போய் விழுந்துவிடுகிறது. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களுக்கு யாரைப் பிடிக்கும்? இலையில் வைத்ததையெல்லாம் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பாயசத்தை மட்டும் கூச்சத்தோடு இரண்டாவது தடவை கேட்பாரே, அவரைத்தான். ஃபில் அந்த ரகம்.

இது எல்லாம் தானாக நடப்பது போலத் தெரிய வேண்டும் என்பதில்தான் வேலையே இருக்கிறது. இந்த வகை நிகழ்ச்சி எதிலும் நடத்துநர் திடீரென்று ஒரு கடைக்குள் நுழைவதில்லை. சில வாரங்களுக்கு முன்பே உள்ளூர் ஆள் ஒருவர், தொழிலில் ஃபிக்சர் என்பார்கள், தெருத் தெருவாகப் போய்க் கடைகளைப் பார்த்து, முதலாளியிடம் பேசி, போலீசிடமும் மாநகராட்சியிடமும் அனுமதி வாங்கி வைத்திருப்பார். கேமராவில் முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். எண்ணெயில் வெங்காயம் விழுகிற, ஆவி எழுகிற அந்த நெருக்கமான காட்சிகள் நடத்துநர் வருவதற்கு முன்போ போன பின்போ தனியாக எடுத்தவை. கடைக்காரர் ஒரே பதார்த்தத்தைக் கேமராவுக்காக மூன்று நான்கு தடவை செய்திருப்பார். இத்தனை ஏற்பாட்டுக்கு நடுவில் ஒன்றை மட்டும் ஒத்திகை பார்க்க மாட்டார்கள். முதல் வாய். அதற்கு ரீடேக் கிடையாது, ஏனென்றால் இரண்டாவது வாய்க்கு அந்த முகம் வராது. ஃபில் போன்றவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் அந்த நான்கு வினாடிக்குத்தான் என்று சொன்னால் பெரிய தப்பில்லை.

முகத்துக்கு அடுத்தது சத்தம். சாப்பாட்டோடு சம்பந்தப்பட்ட புலன்களில் டிவியால் நம்மிடம் கொண்டுவர முடிந்தவை கண்ணும் காதும் மட்டும்தான், அதிலும் காதை நாம் குறைவாகவே மதிப்பிடுகிறோம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ ஸாம்பினியும் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிப்பவரின் காதில் ஹெட்ஃபோனை மாட்டி, அவர் கடிக்கும் சத்தத்தையே கூட்டியும் குறைத்தும் கேட்க வைத்தார்கள். சத்தத்தைக் கூட்டினால் அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுவென்று, இப்போதுதான் பொரித்த மாதிரி இருப்பதாகச் சொன்னார்களாம். 2008இல் இதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது, அதாவது முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தரும் பரிசு. சாப்பாட்டு நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவாளர்கள் இதை ஆய்வு எதுவும் இல்லாமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். நம் கொத்து பரோட்டாவுக்கு உலகச் சந்தையில் இவ்வளவு பெயர் வந்ததற்குப் பாதிக் காரணம் தோசைக்கல்லில் விழும் அந்த டக டக டக தான் என்பது என் கணிப்பு.

வடசென்னையில் கேமராவுக்கென்றே பிறந்தது என்று ஒரு சாப்பாட்டைச் சொல்லச் சொன்னால் நான் கொத்து பரோட்டாவைச் சொல்ல மாட்டேன், அத்தோவைச் சொல்வேன். பீச் ஸ்டேஷனுக்கு எதிரே பர்மா பஜாரைத் தாண்டி செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலம் போனால் வண்டிகள் வரிசையாக நிற்கும். மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தில் தடித்த நூடுல்ஸ் மலை மாதிரிக் குவிந்திருக்கும். சுற்றிலும் கிண்ணங்கள். சீவிய முட்டைக்கோஸ், வெங்காயம், எண்ணெயில் பொரித்த பூண்டு, பொரித்த வெங்காயம், மிளகாய்த் தூள், உப்பு, புளித் தண்ணீர். கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் நூடுல்ஸை அள்ளிப் போட்டு, மற்றதையெல்லாம் கண் பார்க்காமல் கை மட்டும் போய்ப் போய் எடுத்துப் போட்டு, பூண்டு வாசனை ஏறிய எண்ணெயை ஊற்றி, பேஜோ என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கித் தூவி, எலுமிச்சையைப் பிழிந்து, கையாலேயே பிசைந்து தட்டில் கவிழ்ப்பார். அத்தோவுக்கு அடுப்பே கிடையாது. ஆர்டர் சொல்லிவிட்டுப் பாக்கெட்டில் சில்லறை தேடி முடிப்பதற்குள் தட்டு வந்துவிடும். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப்.

அதைவிட முட்டை. அவித்த முட்டையைக் கீறி, பிளவுக்குள் பொரித்த வெங்காயமும் பூண்டும் திணித்து, மேலே மிளகாய்த் தூளும் புளித் தண்ணீரும் ஒரு சொட்டு எண்ணெயும் விட்டு நீட்டுவார்கள். அதைக் கடித்துச் சாப்பிட முடியாது, முழுசாக வாயில் தள்ள வேண்டும். கன்னம் உப்பிக் கண் பிதுங்கிப் பேச முடியாமல் நிற்கும் மனிதரை விடக் கேமராவுக்கு என்ன வேண்டும்? ஃபில்லின் முகத்தில் அந்த முட்டையை நான் பல தடவை மனதுக்குள் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

முட்டைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, ஜாலியான நிகழ்ச்சி அதை என்ன செய்யும் என்பதுதான் இந்த வகையின் உண்மையான சோதனை. 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் கம்பெனிகளும் அரசுடைமையாயின. 1964இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. தமிழர்கள் கப்பலில் வந்து இறங்கியது இதே மெட்ராஸ் துறைமுகத்தில். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் குடியமர்ந்தார்கள். பிழைப்புக்காகத் துறைமுகத்தை ஒட்டிய நடைபாதையில் 1969இல் அமைந்தது பர்மா பஜார். ரங்கூனில் சாப்பிட்டுப் பழகிய அத்தோவும் மொய்ங்கா என்கிற நூடுல்ஸ் சூப்பும் முதலில் தங்களுக்குள் விற்றுக்கொண்டவை. பிறகு துறைமுகத்து ஆட்களும் பாரிமுனைக் கடைப் பையன்களும் பழகிக்கொண்டார்கள். இன்று மெட்ராஸ் சாப்பாடு என்றே அதைச் சொல்கிறோம்.

சீரியஸான ஆவணப்படம் இதற்கு இருபது நிமிடம் ஒதுக்கும், சோகமான வயலினும் போடும். ஜாலியான நிகழ்ச்சி அரை நிமிடம்தான் தரும். கடைக்காரர் எலுமிச்சை பிழிந்துகொண்டே “எங்க தாத்தா ரங்கூன்லேந்து கப்பல்ல வந்தாரு, கையில ஒரு துணி மூட்டதான்” என்று சொல்வார், நடத்துநர் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்துவார், அடுத்த காட்சி வந்துவிடும். இது வரலாற்றைக் கேவலப்படுத்துகிறது என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கையில் முட்டையோடு நிற்கும்போது கேட்ட அந்த ஒரு வாக்கியம் இருபது நிமிடச் சொற்பொழிவைவிட நாள்பட நிற்கிறது. அந்தக் குடும்பங்களே அப்படித்தான் பேசுகின்றன. பர்மாவை விட்டு வந்த கதையை அழுதுகொண்டே சொன்னவர்களை நான் பார்த்தது குறைவு. சிரித்துக்கொண்டே, நடுநடுவே “இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தவா?” என்று கேட்டுக்கொண்டே சொன்னவர்கள்தான் அதிகம்.

ஃபில்லின் வீட்டிலும் இதேதான். தொடரின் முதல் சில சீசன்களில் ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் அவர் தன் அப்பா மாக்ஸையும் அம்மா ஹெலனையும் வீடியோவில் கூப்பிடுவார். அம்மா ஏதாவது குறை சொல்வார், அப்பா அரதப் பழசான ஜோக் ஒன்றைச் சொல்வார். பல பேர் அதற்காகவே கடைசிவரை பார்த்தார்கள். இருவருமே நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவில் போய்ச் சேர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். மகன் ஊர் ஊராகப் போய் யார் வீட்டுச் சமையலறையிலும் கூச்சமில்லாமல் உட்காருவதற்குப் பின்னால் இது இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், தொடர் அதை வற்புறுத்திச் சொல்வதில்லை. ஹெலன் 2019இல் இறந்தார், மாக்ஸ் 2021இல். அதன் பிறகு அந்த நேரத்தில் நண்பர்கள் யாராவது வந்து மாக்ஸுக்காக ஒரு ஜோக் சொல்கிறார்கள்.

ராயபுரத்திலும் மண்ணடியிலும் இந்த வீடியோ பேச்சு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கப்பலில் வேலைக்குப் போன பிள்ளைகள், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகள் உள்ள தெருக்கள் இவை. வெள்ளிக்கிழமை மதியம் ஃபோனை மோருக் கிண்ணத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு “இன்னா சாப்ட்ட?” என்று ஆரம்பிக்கும் பேச்சில் வேறு என்ன இருக்கிறது? அங்கே என்ன சாப்பிட்டான் என்று கேட்டுவிட்டு, அதெல்லாம் ஒரு சாப்பாடா என்று திட்டிவிட்டு வைத்துவிடுவார்கள்.

நம்மூர் யூடியூப் சாப்பாட்டு வீடியோக்கள் வேறு சரக்கு. கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், அரை பிளேட் என்ன விலை, பார்க்கிங் இருக்கிறதா என்பதையெல்லாம் அவை ஒழுங்காகச் சொல்கின்றன. சொல்லப்போனால் வடசென்னைக்கு அவை ஒரு பெரிய உபகாரம் செய்திருக்கின்றன. சினிமாவுக்கு வடசென்னை என்றால் கத்தி, துறைமுகம், ஹவுசிங் போர்டு மாடிப்படி. சாப்பிடுகிற வடசென்னையைக் காட்டியது செல்ஃபோன் வைத்திருந்த பையன்கள்தான். ஆனால் அந்த வீடியோ நாளைக்கே அங்கே போகப்போகிறவருக்கானது, அதனால் அதில் தீர்ப்பு வேண்டியிருக்கிறது. பிரியாணி நல்லாருக்கா இல்லையா, காசுக்கு வொர்த்தா இல்லையா. ஃபில்லின் நிகழ்ச்சி என்றைக்குமே போகப்போகாதவருக்கானது. அதில் தீர்ப்புக்கு வேலையில்லை, கூட உட்கார்ந்திருந்தால் போதும். புதுக்கோட்டை மாவட்டத்துத் தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைக்கும் வில்லேஜ் குக்கிங் சேனல் 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டதும், தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் சேனல் அது, இதே காரணத்தால்தான். அங்கே யாரும் மார்க் போடுவதில்லை.

கூட உட்கார்ந்திருப்பது என்பது 2020இல் லேசான விஷயமாக இல்லை. தொடரின் மூன்றாவது சீசன் அந்த வருடம் மே கடைசியில் வந்தது. சென்னையில் கொரோனா அதிகமாகப் பரவிய மண்டலம் என்று ராயபுரம் தினமும் செய்தியில் அடிபட்ட சமயம். தெருமுனையில் தகரத் தடுப்பு, காசிமேட்டில் கூட்டம் கூடக் கூடாது, டீக்கடை கிடையாது. அந்த நேரத்தில் மராகேஷிலும் சியோலிலும் மாஸ்க் இல்லாமல் ஒரு மனிதர் பத்துப் பேரோடு ஒரே மேஜையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்ப்பது என்னவோ பழைய குடும்ப ஆல்பத்தைப் புரட்டுவது போல இருந்தது. முதல் அலையில் பலர் இந்தத் தொடருக்குள் வந்து விழுந்ததற்கு அதுதான் காரணம், என்னையும் சேர்த்து.

சரி, இந்த வகை எதை விட்டுவிடுகிறது? நிறைய. காசிமேட்டில் வஞ்சிரத்தையும் நண்டையும் காட்டுவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் கறுத்துப் போனதையும், படகும் வலையும் பிசுபிசுத்துப் போன மீனவர்கள் எண்ணெயை வாளியால் அள்ளியதையும் காட்ட மாட்டார்கள். சௌகார்பேட்டையில் நெய் மிதக்கும் ஊத்தப்பத்தைக் காட்டுவார்கள், பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கம் சாயங்காலம் மணக்கிற பீஃப் வண்டிகளுக்கு வரும்போது தயாரிப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த கடையைப் பார்க்கலாமே என்பார். இந்தியத் தொலைக்காட்சிகளின் சாப்பாட்டு நிகழ்ச்சிகள் பலவும் அப்படித்தான் செருமியிருக்கின்றன. முதல் வகை விடுபடல் எனக்குச் சம்மதம். ஒரு மணி நேர ஜாலிக்குள் எண்ணெய்க் கசிவைச் சொருகினால் இரண்டுக்கும் நியாயம் கிடைக்காது, அதற்கு வேறு படம் எடுக்க வேண்டும். இரண்டாவது வகை அப்படி இல்லை. ஊரில் பாதிப் பேர் விரும்பிச் சாப்பிடுவதை விருந்தாளி மட்டும் பார்க்காத மாதிரி போனால், அவர் விருந்தாளியே இல்லை.

ஃபில் வந்தால் எங்கே கூட்டிப்போவது என்று எங்கள் வீட்டில் அடிக்கடி சண்டை நடக்கும். ஒரு நாளைக்கு வேண்டியது தாராளமாக இருக்கிறது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷனை வெளியே நின்று காட்டலாம், எடிட்டிங்கில் நான்கு வினாடிதான் மிஞ்சும், பரவாயில்லை. தங்கசாலைத் தெருவில் முறுக்கை இரண்டாக வைத்து நடுவில் தக்காளி, வெள்ளரி, பச்சைச் சட்னி, சீஸ் திணித்துத் தரும் முறுக்கு சாண்ட்விச்சைக் கொடுத்தால் அவர் நிச்சயம் சட்டையில் கொட்டிக்கொள்வார், அந்தக் காட்சி டிரெய்லருக்கு ஆகும். அத்தோவும் முட்டையும் ராத்திரிக்கு. காலையில் காசிமேடு.

காசிமேட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விடிகாலை மீன் சந்தை என்பது இந்த வகை நிகழ்ச்சிகள் அத்தனையிலும் வந்து வந்து தேய்ந்துபோன காட்சி. மீனைத் தூக்கிக் காட்டுவது, ஏலக் கூச்சல், ஐஸ் உடைப்பது, மேலே காக்கா. இங்கே அதைக் காப்பாற்றக்கூடியவர்கள் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள்தான். அவர்களிடம் நீங்கள் வேடிக்கை பார்க்க முடியாது, அவர்கள்தான் உங்களை வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் சும்மா நின்றால் “இன்னா சார், மீன் வாங்கப் போறியா, மீனுக்குப் பொண்ணு பாக்கப் போறியா?” என்று கேட்டுவிடுவார்கள். இந்த நக்கலைத் தாங்குகிற முகம் வேண்டும். போர்டெயினுக்கு அதை ரசிக்கத் தெரியும். ஃபில்லுக்கு, பாஷை புரியாவிட்டாலும், தான் கிண்டல் செய்யப்படுகிறோம் என்பது புரிந்து சந்தோஷப்படத் தெரியும்.

அதனால் கூடப் போகிற உள்ளூர் ஆள் விஷயத்தில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். இந்த நிகழ்ச்சிகளில் வழக்கமாக அந்த ஊரின் பெரிய செஃப் ஒருவர் வந்து பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் விளக்குவார். சென்னை என்றால் நட்சத்திர ஓட்டலிலிருந்து யாரையாவது பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள், அவர் அத்தோவைப் பார்த்து “இது ஒரு ஃப்யூஷன் டிஷ்” என்பார். வேண்டாம். சங்கராவுக்கும் கானாங்கத்தைக்கும் எந்தக் குழம்பு, கடம்பா என்கிற கணவாயை எத்தனை நிமிடத்துக்கு மேல் வேக வைத்தால் ரப்பராகும் என்று தெரிந்த மீன்கார அம்மா ஒருவர் போதும். கேமராவைப் பார்த்துப் பேசச் சொன்னால் கூச்சப்படுவார் என்று தயாரிப்பாளர்கள் பயப்படலாம், அதற்கு அவர்களை ஒரு தடவை மீன் வாங்க அனுப்பினால் போதும்.

தேதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும், ஃபைபர் படகுகள் கொண்டுவரும் மீன்தான், வஞ்சிரம் விலையைக் கேட்டால் ஃபில் மெல்லாமலே கண்ணை விரித்துவிடுவார். நவம்பர், டிசம்பரில் மழையும் புயலும் படப்பிடிப்பைக் கெடுக்கும். பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசியில் வரட்டும். மிளகாய்த் தூளைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லலாம், ஆனால் கடைக்காரர் கேட்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.